ஒரு கிலோ இரைச்சல் என்ன விலை?

இரைச்சல் நமக்கெல்லாம் இலவசம். பஸ் ஹாரன், மிக்ஸி, பக்கத்து ஸீட்காரரின் செல்ஃபோன், மாடி வீட்டில் நாற்காலியை இழுக்கிற சத்தம் என்று கேட்காமலே வந்து விழும். இதையே காசு கொடுத்து வாங்குகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும், நூறு டாலரிலிருந்து நானூறு டாலர் வரை எண்ணிக் கொடுத்து, சாக்லேட் பார் அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு வாங்கி, அதிலிருந்து 'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்' என்று வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். போன வாரம் நானும் கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தைப் போட்டுக் கேட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பாத்ரூம் குழாயை மூடாம வந்துட்டீங்களா?"

மனைவியின் காதுக்கு நூற்றுக்கு நூறு மார்க். சுத்தமான வெள்ளை இரைச்சல் என்பது ஏறக்குறைய குழாய்த் தண்ணீர்தான். எல்லா சுருதியும் சரிசமமாக ஒரே நேரத்தில் பேசுகிற பொதுக்கூட்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாடுலர் ஸிந்தஸைஸர் என்று ஒரு வாத்தியம் உண்டு. வாத்தியம் என்பதைவிட பீரோ என்று சொல்லலாம். ஹார்மோனியம் மாதிரி முழுசாகக் கடையில் கிடைக்காது. ஒலியை உண்டாக்க ஒரு பெட்டி, வடிகட்ட ஒரு பெட்டி, கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி என்று தனித்தனியாக வாங்கிச் சட்டத்தில் திருகி, பழைய டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் போல ஒயரால் இணைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை வோல்டேஜ். ஒரு வோல்ட் ஏறினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறும். இந்த விதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்கு வருகிறது. நான் பி.காம்., கணக்கு இல்லாமல் விட மாட்டேன்.

இந்த பீரோவில் இரைச்சலுக்கு என்ன வேலை? நேரடி வேலை நிறைய. கடல் அலை, காற்று, தாளக்கட்டில் ஜால்ரா மாதிரி 'ச்சிக்', புல்லாங்குழலில் ஸ்வரத்துக்கு முன்னால் வருகிற மூச்சு, எல்லாமே இரைச்சலை வடிகட்டி எடுத்ததுதான். ஆனால் மறைமுக வேலை ஒன்று இருக்கிறது, அதுதான் சுவாரஸ்யம். இரைச்சல் என்பது கணத்துக்குக் கணம் தாறுமாறாக ஏறி இறங்குகிற வோல்டேஜ். அதை வினாடிக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் என்ன வோல்ட்டோ அதையே அடுத்த வினாடி வரை பிடித்து வைத்துக்கொண்டால்? ஒவ்வொரு வினாடியும் ஒரு புது ஸ்வரம். அடுத்தது என்ன வரும் என்று வாசிக்கிறவனுக்கே தெரியாது. பழைய விண்வெளிப் படங்களில் கம்ப்யூட்டர் 'யோசிக்கும்'போது பீப்... பூப்... பிபீப்... என்று வருமே, அந்த ரகம்.

இந்த எட்டிப் பார்த்துப் பிடித்து வைக்கிற சர்க்யூட்டுக்கு 'சாம்பிள் அண்ட் ஹோல்ட்' என்று பெயர். நமக்கு இது புதிதே இல்லை. கம்பெனி பாலன்ஸ் ஷீட் என்றால் என்ன? வருஷம் பூரா பணம் வருகிறது, போகிறது, குதிக்கிறது, முங்குகிறது. மார்ச் 31 அன்று ஒரு கணம் எட்டிப் பார்த்து, அந்தத் தொகையை எழுதி, அடுத்த மார்ச் 31 வரை அதையே காட்டிக்கொண்டிருக்கிறோம். சாட்சாத் சாம்பிள் அண்ட் ஹோல்ட். நம் சம்பளமும் அப்படித்தான். என்ன, நம் கேஸில் 'ஹோல்ட்' கொஞ்சம் ஜாஸ்தி.

இந்த இரண்டையும், இரைச்சலையும் சாம்பிளையும், சேர்த்து ஒரே பெட்டியாகச் செய்யும் ஆசை ரொம்பப் பழசு. 1963இல் ஸான்ஃப்ரான்ஸிஸ்கோ டேப் மியூஸிக் சென்டரில் மார்ட்டன் ஸுபாட்னிக், ரமோன் ஸெண்டர் என்று இரண்டு இசைக்காரர்கள், டான் புக்லா என்கிற பௌதிக ஆசாமியைப் பிடித்து, "எங்களுக்கு ஒரு மின்சார வாத்தியம் செய்து கொடு" என்று 500 டாலர் கொடுத்தார்கள். அவர் செய்த வாத்தியத்தில் பியானோ மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டைகளே கிடையாது. 'கட்டை இருந்தால் பழைய பாட்டையே வாசிப்பீர்கள்' என்கிற கட்சி அவர். கட்டை இல்லாவிட்டால் ஸ்வரம் எங்கிருந்து வரும்? கொஞ்சம் மனுஷன் கொடுக்கட்டும், கொஞ்சம் தற்செயல் கொடுக்கட்டும் என்று தன் முதல் வரிசைப் பெட்டிகளிலேயே தற்செயலுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். 1970களில் அதை விரிவாக்கி ஒரு தனி மாடுல் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர்: 'ஸோர்ஸ் ஆஃப் அன்ஸர்ட்டன்டி'. நிச்சயமின்மையின் ஊற்று! எங்கள் பழைய ஆபீஸில் இன்க்ரிமென்ட் போடுகிற ஸெக்ஷனுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

இன்றைக்கு ஒருவர் புதிதாக இப்படி ஒரு மாடுல் டிஸைன் செய்ய உட்கார்ந்தால் முதல் பிரச்னை, இரைச்சல் எங்கிருந்து வரும்? சிரிக்காதீர்கள். வேண்டாத இடத்தில் தானாக வருகிற சமாசாரம், வேண்டும் என்று கூப்பிட்டால் ஒழுங்காக வராது.

ஒரு வழி டிரான்ஸிஸ்டர். அதன் இரண்டு கால்களுக்கு வோல்டேஜைத் தலைகீழாகக் கொடுத்து ஆறேழு வோல்ட்டுக்கு மேல் தள்ளினால், உள்ளே எலெக்ட்ரான்கள் கட்டுடைந்து பனிச்சரிவு போல ஓடும். அந்த ஓட்டம் சீராக இருக்காது. அதைப் பெருக்கினால் அருமையான 'ஸ்ஸ்ஸ்'. ஆனால் டிரான்ஸிஸ்டர் தயாரிக்கிற கம்பெனி இதற்காக அதைத் தயாரிக்கவில்லை. ஒரே பெட்டியில் வந்த பத்து டிரான்ஸிஸ்டரில் ஒன்று கத்தும், ஒன்று முணுமுணுக்கும், ஒன்று சோளப்பொரி பொரிகிற மாதிரி நடுநடுவே வெடிக்கும். அதனால் கவலைப்படுகிற டிஸைனர் ஒவ்வொன்றாகச் செருகிக் காதால் கேட்டுப் பொறுக்குகிறார். கத்திரிக்காய் பொறுக்குவது போல, ஆனால் இங்கே சொத்தைக்கு கிராக்கி.

சொத்தை என்றதும் ஞாபகம் வருகிறது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980இல் டிஆர்-808 என்று ஒரு தாள இயந்திரம் கொண்டுவந்தது. அதன் நிறுவனர் இகுடாரோ ககேஹாஷி அதற்காகத் தரம் குறைந்த டிரான்ஸிஸ்டர்களைத் தேடி வாங்கினார், அந்தக் குறையில்தான் அவருக்கு வேண்டிய 'சுர்ர்' இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? செமிகண்டக்டர் தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது. தொழிற்சாலைகளில் குறையுள்ள டிரான்ஸிஸ்டர் கிடைக்காமல் போனது. 1983இல் சுமார் 12,000 இயந்திரங்களோடு தயாரிப்பை நிறுத்தினார்கள். சரக்கு நன்றாக இருந்ததால் கடையை மூடியது வியாபார உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். (இதே 808ஐ வைத்து 1982இல் பம்பாயில் சரண்ஜித் ஸிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு ரெக்கார்டு வெளியிட்டார். அன்றைக்கு யாரும் சீந்தவில்லை. இப்போது ஐரோப்பாவில் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.)

ஆகவே, அடுத்தவன் தொழிற்சாலையின் குறையை நம்பித் தொழில் தொடங்குவது ஆபத்து. சரி, இரண்டாவது வழி? டிஜிட்டல். பதினேழு பெட்டிகள் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது பூஜ்யம் போட்டு, ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு இடம் நகர்த்தி, கடைசியில் விழுவதை வேறொன்றோடு ஒப்பிட்டு மறுபடி முன்னால் போட்டால், பார்க்கிறவனுக்குத் தாறுமாறாக ஒரு வரிசை வரும். நேஷனல் ஸெமிகண்டக்டர் இதை எம்எம்5837 என்று ஒரே சிப்பில் அடைத்து விற்றது. பொறுக்க வேண்டாம், எல்லா சிப்பும் ஒரே மாதிரி இரையும். டிஸைனருக்கு நிம்மதி.

நிம்மதி எத்தனை நேரம்? ஒன்றரை வினாடி! பதினேழு பெட்டியில் 1,31,071 விதம்தான் சாத்தியம். வினாடிக்கு ஒரு லட்சம் டிக் ஓடினால் 1.3 வினாடியில் எல்லாம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். அதனால் என்ன, இரைச்சல் இரைச்சல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்பீர்கள். தெரிகிறது ஸார்! 1963இலேயே பெல் ஆய்வகத்தில் நியூமன் கட்மன், பேலா யூலெஸ் என்ற இருவர் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே இரைச்சல் துண்டை வினாடிக்கு ஒன்றிரண்டு தரம் திருப்பித் திருப்பிப் போட்டால், மனிதக் காது 'வூஷ்... வூஷ்...' என்று அதில் ஒரு லயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. அர்த்தமே இல்லாத சத்தத்தில் எந்த இடம் திரும்ப வந்தது என்று காதுக்குத் தெரிகிறது! நான் பார்த்த எந்த ஆடிட்டருக்கும் இந்தக் கூர்மை கிடையாது. போன வருஷத்து வவுச்சரையே இந்த வருஷமும் வைத்து பாஸாகிற தேசத்தில் இருக்கிறோம்.

பரிகாரம் சுலபம். பதினேழுக்குப் பதில் முப்பத்திரண்டு பெட்டி. இப்போது 429 கோடிக்கு மேல் விதங்கள். அதே வேகத்தில் ஓடினால் ஒரு சுற்று வர ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். நைட் வாட்ச்மேன் டியூட்டி முழுக்கக் கேட்டாலும் திரும்ப வராது. இன்றைக்குப் பத்து ரூபாய்த் தரத்து மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் இது ஓடும். அப்படியும் டிரான்ஸிஸ்டரைக் காதால் பொறுக்குகிற டிஸைனர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் 'அதில் உயிர் இருக்கிறது' என்பார்கள். நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. ஆனால் ஃபில்டர் காப்பி குடிக்கிறவன் என்பதால் அவர்களைக் கிண்டல் செய்யவும் எனக்கு யோக்யதை இல்லை.

* * *

அடுத்தது பிடித்து வைத்தல். நம் ஃபேனுக்கு மாற்றுகிறோமே கண்டென்ஸர், அதன் குட்டித் தம்பி ஒன்று போதும். ஒரு ஸ்விட்ச் ஒரு கணம் திறக்கும், இரைச்சலின் வோல்டேஜ் கண்டென்ஸருக்குள் போகும், ஸ்விட்ச் மூடும். உள்ளே இருப்பது உள்ளேயே. தொட்டியை ரொப்பி வால்வை மூடிய மாதிரி.

தொட்டி என்றால் கசியும். கசிவு எவ்வளவு? 10 நானோஃபாரட் கண்டென்ஸர், 50 பிகோஆம்பியர் கசிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிகோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு. இதைப்போய் கசிவு என்று சொல்வதே அபாண்டம் என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள், வினாடிக்கு 5 மில்லிவோல்ட் இறங்குகிறது. முன்பே சொன்ன விதிப்படி ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். ஸ்தாயியில் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானம். ஒன்றுக்கு 83 மில்லிவோல்ட் சொச்சம். பதினேழு வினாடிக்குள் உங்கள் ஸ்வரம் ஒரு ஸ்தானம் கீழே வந்துவிட்டது! பஞ்சமத்தைப் பிடித்து நிற்கச் சொன்னால் மெல்ல மத்யமத்துக்குச் சறுக்குகிற பாகவதர் போல. கசிவு ஒரே சீராக இருந்தால் இறக்கமும் ஒரே சீராக இருக்கும். பி.காம். முதல் வருஷத்தில் படித்தோமே, நேர்கோட்டு முறைத் தேய்மானம், அதேதான். வாழ்க்கையில் அது ஒரு நாள் உதவும் என்று ப்ரொஃபஸர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

பெரிய கண்டென்ஸர் போட்டால் கசிவு தெரியாது. ஆனால் ரொம்ப நேரமாகும். அதற்குள் இரைச்சல் எங்கோ போயிருக்கும். சின்னது போட்டால் சட்டென்று ரொம்பும், சட்டென்று வடியும். இதற்கு நடுவில் ஸ்விட்ச் வேறு ஒவ்வொரு தரம் மூடும்போதும் தன் பங்குக்குக் கொஞ்சம் சார்ஜைத் தள்ளிவிடும். புரோக்கர் கமிஷன்! இது போதாது என்று சில மலிவு ரகக் கண்டென்ஸர்களுக்கு ஞாபக சக்தி. காலி செய்த பிறகும் பழைய வோல்டேஜின் வாசனை உள்ளே தங்கி, புதுசாக வந்ததை மெல்லத் தன் பக்கம் இழுக்கும். முன் வருஷ ஆரம்ப இருப்பு போல. இதனால்தான் டிஸைனர் இந்த ஒரு சாமானுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் பாலிஸ்டைரீனோ பாலிப்ரொபைலீனோ வாங்குகிறார்.

இவ்வளவு செய்தாலும் இது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சர்க்யூட். அதற்கான சிப்புகூட, எல்எஃப்398 என்று, என்றைக்கோ கடைக்கு வந்துவிட்டது. அப்படியானால் 'புதிய' மாடுல் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? இதுதான் டிஸைனர் ராத்திரி தூங்காமல் புரளுகிற இடம். என் பதில்: எவ்வளவு தாறுமாறு என்கிற அளவு. எல்லாப் புதுமையும் அந்த ஒரு திருகில்தான் இருக்கிறது.

புக்லாவுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. அவருடைய 266ஆம் நம்பர் மாடுலில் அக்கம்பக்கமாக இரண்டு அவுட்புட். ஒன்றின் மேல் 'இரண்டின் அடுக்கு என்', இன்னொன்றின் மேல் 'என் கூட்டல் ஒன்று' என்று எழுதியிருக்கும். அல்ஜிப்ரா பார்த்து ஓடிவிடாதீர்கள். ஆறு காசு எடுத்துச் சுண்டுங்கள். எந்தக் காசு தலை, எந்தக் காசு பூ என்று வரிசையாகக் குறித்தால் 64 விதம் வரும், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. வரிசையை மறந்து மொத்தம் எத்தனை தலை என்று மட்டும் எண்ணினால் பூஜ்யம் முதல் ஆறு வரை ஏழே விதம். ஆனால் மூன்று தலை என்பது 64இல் 20 தரம் வரும், ஆறும் தலை என்பது ஒரே ஒரு தரம். அதே காசு, அதே சுண்டல். முதல் அவுட்புட்டில் ஸ்வரம் எங்கே வேண்டுமானாலும் குதிக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் நடுவிலேயே உலாவி, எப்போதாவது ஒரு தரம் உச்சிக்குப் போய் நம்மைத் திடுக்கிட வைக்கும். கேட்பதற்கு இரண்டாவதுதான் பாட்டு மாதிரி இருக்கும்.

காரணம் உண்டு. புக்லா பட்டறை வைத்திருந்த அதே பெர்க்லியின் பல்கலைக்கழகத்தில் 1975இல் ரிச்சர்ட் வாஸ், ஜான் கிளார்க் என்ற பௌதிகக்காரர்கள், ரேடியோவில் வருகிற இசையையும் பேச்சையும் அளந்து பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இசையின் ஏற்ற இறக்கங்கள் வெள்ளை இரைச்சல் போல முன்பின் சம்பந்தமில்லாமல் இல்லை. ஒவ்வொரு அடியாகத் தள்ளாடுகிற பழுப்பு இரைச்சல் போலவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இளஞ்சிவப்பு என்று சொல்கிற ரகத்தில் இருந்தன. அதோடு விடாமல் மூன்று ரக இரைச்சலிலிருந்தும் மெட்டு தயாரித்துப் பல நூறு பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். வெள்ளை மெட்டு கண்டபடி அலைகிறது என்றார்கள். பழுப்பு மெட்டு முன்னதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்றார்கள். நடு ரகத்துக்குத்தான் ஓட்டு விழுந்தது. வெள்ளை என்றால் மானேஜரின் மூடு. பழுப்பு என்றால் அவர் மேஜையில் ஃபைல் நகர்கிற வேகம். நடுவில் இருப்பது என்னவென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆபீஸ் கிடையாது.

லண்டனில் டாம் விட்வெல் என்ற பத்திரிகையாளர் (நம்ம ஜாதி!) 2012இல் டூரிங் மெஷின் என்று ஒரு மாடுல் கொண்டுவந்தார். அதே பழைய நகரும் பெட்டிகள், பதினாறு. நடுவே ஒரு பெரிய திருகு. நட்ட நடுவில் வைத்தால் முழுத் தற்செயல். வலது கோடிக்குத் திருப்பினால் அந்தக் கணத்தில் ஓடிய மெட்டு அப்படியே பூட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். கொஞ்சம் தளர்த்தினால், எப்போதாவது ஒரு ஸ்வரம் நழுவி வேறாக மாறும். இவ்வளவுதான். பிடிக்காத மெட்டு வந்தால் துல்லியமாகத் திருத்த வழியில்லை, திருகி விட்டு வேறு வரக் காத்திருக்க வேண்டியதுதான். வரைபடத்தை அவர் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று கொடுத்துவிட்டார். வீட்டு மேஜையில் சால்டரிங் வைத்துச் செய்தவர்கள் ஏராளம். பிரான்ஸில் எமிலி ஜில்லே இதே யோசனையை 2018இல் 'மார்பிள்ஸ்' என்ற மாடுலில் இன்னும் தூரம் கொண்டுபோனார். அதில் அந்தத் திருகின் பெயர் 'தேஜாவூ', ஏற்கெனவே பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றுமே, அது. அவரும் வரைபடத்தைப் பொதுவில் விட்டார். 2022இல் தன் நிறுவனத்தையும் மூடினார். மாடுலை மற்றவர்கள் செய்து விற்கிறார்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இந்த லாப நஷ்டக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் அந்த அம்மாளின் மேல் மரியாதை வருகிறது.

ஆக, இன்று புதிதாக வருகிறவர் அந்த வரைபடங்களையெல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் வர முடியும். வந்தவருக்கு இடமும் குறைவு. ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் போட்ட அளவுதான் இன்றைக்கும் சட்டம். உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08 மில்லிமீட்டர் மடங்குகளில். மும்பை ஃப்ளாட் போல, ஒவ்வொரு 5.08க்கும் வாடிக்கையாளர் வாடகை கணக்குப் பார்ப்பார். நான்கு திருகு வைத்தால் விரல் நுழையாது, இரண்டு வைத்தால் 'இவ்வளவுதானா' என்பார். நான் டிஸைனராக இருந்தால் மூன்றாவது திருகைத் தூக்கிவிட்டு, அந்த அளவுத் திருகை மட்டும் பெரிசாக நடுவில் வைப்பேன்.

கடைசிப் பரீட்சை ஒன்று இருக்கிறது. மாடுலைச் சட்டத்தில் மாட்டி, ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடிக்க வைத்து, சுருதிமானியை எதிரே வைத்து உட்கார வேண்டும். ஸ்வரம் அசையாமல் நிற்கும். பிறகு குனிந்து, கண்ணாடி துடைக்க ஊதுகிற மாதிரி, பலகையின் மேல் மெல்ல ஒரு தரம் ஊத வேண்டும். மூச்சின் ஈரம் பட்டதும் கண்டென்ஸரைச் சுற்றிக் கசிவு கூடி, முள் இறங்க ஆரம்பித்தால், சால்டரிங் பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிஸைனர் மறுபடி மாடுலைக் கழற்றி, ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு தேய்க்கப் போவார்.